வெடித்த குடல்வால், மூன்று சிறு துளைகள், ஏழாம் நாள் காய்ச்சல்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நோயாளி 28 வயதுப் பெண், பள்ளி ஆசிரியை. சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு எதுவும் இல்லை. வயிற்றில் இதற்குமுன் அறுவைச் சிகிச்சை நடந்ததில்லை. குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) அழற்சி வாழ்நாளில் நூற்றில் ஏழெட்டுப் பேரைத் தாக்கும் நோய். அதற்குச் சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் செலுத்தும் நுண்துளை முறையில் (லேப்ராஸ்கோப்பி) அறுவைச் சிகிச்சை செய்வது எங்கள் அறுவைப் பிரிவில் அன்றாட வேலை. ஆகவே நோயும் சிகிச்சையும் அரிதானவை என்பதற்காக இதை எழுதவில்லை. தோலில் தெரியும் துளையின் அளவை வைத்தே உள்ளே இருந்த நோயின் அளவையும் எடைபோடும் பழக்கம் நோயாளிகளிடம் இருக்கிறது, குடும்பத்தாரிடம் இருக்கிறது, மருத்துவர்களிடமும் ஓரளவு இருக்கிறது. அந்தப் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதை இந்த நிகழ்வு துல்லியமாகக் காட்டியது.

வலி ஒரு மாலையில் தொப்புளைச் சுற்றித் தொடங்கியது. இரவில் இருமுறை வாந்தி. மறுநாள் காலை வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கியது. கூடவே அடிக்கடி சிறுநீர் போக வேண்டும் என்ற உணர்வும் எரிச்சலும். நான்கைந்து முறை மலம் இளகிப் போனது. அருகிலிருந்த சிகிச்சையகத்தில் சிறுநீரைச் சோதித்தார்கள். சீழணுக்கள் சற்றுக் கூடுதலாக இருந்ததால் சிறுநீர்த் தொற்று என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அன்றைய நிலையில் அந்த முடிவு நியாயமானதே. அடுத்த நாள் வலி திடீரென்று குறைந்ததும் குடும்பத்தினர் நிம்மதி அடைந்தார்கள். அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வந்தன. அவசரப் பிரிவுக்கு அழைத்து வந்தபோது வலி தொடங்கி ஏறக்குறைய 50 மணி நேரம் ஆகியிருந்தது.

வலி திடீரென்று குறைந்தது ஏன் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அடைபட்ட குடல்வால் உள்ளழுத்தத்தால் புடைக்கும்போது வலி உச்சத்தில் இருக்கும். அது வெடித்தவுடன் அழுத்தம் இறங்குகிறது. சில மணி நேரம் வலி தணிந்ததுபோல் தெரியும். பிறகு சீழ் பரவத் தொடங்கும். சில நாள் நீடித்த வயிற்றுவலி சட்டென்று அடங்கி, அதன்பின் குளிர்காய்ச்சல் வந்தால் அதைக் குணமாகும் அறிகுறியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அவசரப் பிரிவில் கண்டவை

உடல் வெப்பம் 38.2 டிகிரி செல்சியஸ், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 108, ரத்த அழுத்தம் 110/70. நாக்கு வறண்டிருந்தது. வயிற்றைத் தொட்டபோது வலது அடிவயிற்றில் வலி இருந்தது. ஆனால் வயிற்றுச் சுவர் இறுகியிருக்கவில்லை. அழுத்திய கையைச் சட்டென்று எடுக்கும்போது வலி கூடுகிறதா என்பதும் தெளிவாகத் தெரியவில்லை. இவ்வளவு காய்ச்சலோடு வருபவரின் வயிறு இத்தனை மென்மையாக இருப்பது பொருந்தவில்லை. ஆசனவாய் வழியே விரலால் பரிசோதித்தபோது வலப்பக்கம் தொட்டதும் அவர் துடித்துப்போனார். நோய் இருந்த இடத்தை முதலில் காட்டியது அந்தப் பரிசோதனைதான்.

குடல்வாலின் அடி எல்லோருக்கும் பெருங்குடலின் தொடக்கத்தில்தான் இருக்கிறது. நுனி எங்கே போய்க் கிடக்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்குப் பெருங்குடலின் பின்னால் ஒளிந்திருக்கும். சிலருக்கு இடுப்புக் குழிக்குள் தொங்கும். இவருக்கு இரண்டாவது வகை. அங்கே வீங்கிய குடல்வால் வயிற்றின் முன்சுவரைத் தொடுவதில்லை, அதனால் வயிறு இறுகுவதில்லை. சிறுநீர்ப்பையை உரசுவதால் எரிச்சலும் சிறுநீரில் சீழணுக்களும் வருகின்றன. மலக்குடலை உறுத்துவதால் மலம் இளகிப் போகிறது. சிறுநீர்த் தொற்று என்றோ வயிற்றுப்போக்கு என்றோ தோன்றச் செய்யும் அறிகுறிகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன.

ரத்தத்தில் வெள்ளையணுக்கள் 16,400, அவற்றில் நியூட்ரோஃபில் 88 விழுக்காடு. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு லிட்டருக்கு 142 மில்லிகிராம். கர்ப்பப் பரிசோதனை எதிர்மறை. இந்த வயதுப் பெண்ணுக்கு அடிவயிற்று வலி என்றால் மற்ற எதற்கும் முன்னால் செய்ய வேண்டிய சோதனை இது. கருக்குழாய்க் கர்ப்பம் இதே வேடத்தில் வரும். குடல்வால் அழற்சிக்கான வாய்ப்பை மதிப்பிட 1986-இல் ஆல்வராடோ வகுத்த பத்துப் புள்ளி அளவுகோலில் இவருக்கு 9 வந்தது.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் குடல்வால் தெரியவில்லை. இடுப்புக் குழியில் சிறிது நீர் மட்டும் தெரிந்தது. அல்ட்ராசவுண்டில் தெரியாததால் குடல்வால் அழற்சி இல்லை என்று ஆகிவிடாது. குடலில் உள்ள காற்று மறைத்துவிடும். எனவே சி.டி. ஸ்கேன் எடுத்தோம். குடல்வால் 12 மி.மீ. தடிமனாக இடுப்புக் குழிக்குள் தொங்கியது. வழக்கமான வரம்பு 6 மி.மீ. உள்ளே 8 மி.மீ. அளவில், மலம் இறுகிக் கல்போல் ஆன மலக்கல் ஒன்று இருந்தது. நுனிக்கு அருகே சுவர் தொடர்ச்சி அறுந்ததுபோல் தெரிந்தது. சீழ் இன்னும் கட்டியாகத் திரளவில்லை.

அன்றிரவு எடுத்த முடிவுகள்

முதல் கேள்வி: அறுவைச் சிகிச்சை இல்லாமல் ஆன்டிபயாடிக் மட்டும் போதுமா? நோயாளியே இதைக் கேட்டார், கேட்க வேண்டிய கேள்வியும்கூட. சிக்கலில்லாத குடல்வால் அழற்சிக்கு அது ஏற்கத்தக்க வழி. 1,552 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2020-இல் வெளியான கோடா ஆய்வில், ஆன்டிபயாடிக் மட்டும் பெற்றவர்களில் ஏறத்தாழ பத்தில் மூவருக்கு 90 நாட்களுக்குள் அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. மலக்கல் இருந்தவர்களில் அது பத்தில் நால்வர். இவருக்கு மலக்கல் இருந்தது, வெடிப்பின் அறிகுறியும் இருந்தது. இந்தக் கணக்கை அவரிடம் விரித்துச் சொன்னோம். அவர் அறுவைச் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தார்.

இரண்டாவது: இரவே செய்வதா, காலை வரை காத்திருப்பதா? பின்லாந்திலும் நார்வேயிலும் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, சிக்கலில்லாத குடல்வால் அழற்சிக்கு அறுவைச் சிகிச்சையை எட்டு மணி நேரத்துக்குள் செய்தாலும் 24 மணி நேரத்துக்குள் செய்தாலும் வெடிப்பு விகிதம் கூடவில்லை என்று காட்டியது. களைத்த கைகளால் நள்ளிரவில் கத்தியை எடுக்க வேண்டியதில்லை என்பதற்கு அது நல்ல ஆதாரம். ஆனால் வெடித்துவிட்டதாகத் தெரியும் ஒருவருக்கு அந்த முடிவைப் பொருத்த முடியாது. நரம்பு வழியே நீரும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்து, நாடித்துடிப்பு இறங்கியதும் அன்றிரவே தொடங்கினோம்.

மூன்றாவது: திறந்த முறையா, நுண்துளை முறையா? காக்ரேன் அமைப்பு 85 ஆய்வுகளைத் திரட்டி 2018-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு இரு பக்கத்தையும் சொல்கிறது. நுண்துளை முறையில் பெரியவர்களுக்குக் காயத்தில் சீழ் பிடிப்பது பாதிக்கும் கீழாகக் குறைகிறது. மருத்துவமனையில் தங்கும் காலம் ஒரு நாள் குறைகிறது, இயல்பு வாழ்க்கைக்குத் திரும்புவது சில நாட்கள் முந்துகிறது. அதே வேளையில் வயிற்றுக்குள் சீழ்க்கட்டி உருவாகும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. நாங்கள் நுண்துளை முறையைத் தேர்ந்தெடுத்ததற்கு முதன்மைக் காரணம் தழும்பின் அளவு அல்ல. கேமரா தொப்புள் வழியே நுழைந்தால் சினைப்பை, கருக்குழாய், சிறுகுடல், கல்லீரலின் கீழ்ப்பகுதி எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். நோய் நாம் நினைத்ததாக இல்லாவிட்டால் அதுவும் தெரிந்துவிடும். (நுண்துளை முறையில் குடல்வாலை முதன்முதலாக 1980-இல் அகற்றியவர் ஜெர்மனியின் கீல் நகர மகப்பேறு மருத்துவர் குர்ட் செம். அன்று அறுவைச் சிகிச்சையாளர்கள் அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். பெண்களின் இடுப்புக் குழியைக் கேமராவால் பார்த்துப் பழகிய ஒருவரிடமிருந்து இந்த முறை பிறந்ததில் எனக்கு வியப்பில்லை.)

ஒப்புதல் பெறும்போது நோயாளியின் தாயும் உடனிருந்தார். "சின்னத் துளைதானே டாக்டர், நாளைக்கே எழுந்து நடந்துவிடுவாள் இல்லையா?" என்று கேட்டார். "நடந்துவிடுவார் அம்மா. ஆனால் உள்ளே சீழ் இருக்கிறது. நடந்துவிட்டார் என்பதற்காக நோய் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது" என்று பதில் சொன்னோம். குடல்வாலின் அடிப்பகுதி அழுகியிருந்தாலோ, ரத்தக்கசிவு கட்டுக்குள் வராவிட்டாலோ வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும் என்பதையும் எழுதிக் கையெழுத்து பெற்றோம்.

வயிற்றுக்குள்

தொப்புளில் 10 மி.மீ., இடுப்பெலும்புக்கு மேலே நடுவில் 5 மி.மீ., இடது அடிவயிற்றில் 5 மி.மீ. என மூன்று துளைகள். கார்பன் டை ஆக்சைடு வாயுவால் வயிற்றை 12 மி.மீ. பாதரச அழுத்தத்துக்கு உப்ப வைத்தோம். இடுப்புக் குழியில் சுமார் 150 மி.லி. சீழ் தேங்கியிருந்தது. வயிற்றின் கொழுப்புத் திரை வந்து குடல்வாலைச் சுற்றிப் போர்த்தியிருந்தது. கருப்பையும் சினைப்பைகளும் சீழில் நனைந்து சிவந்திருந்தாலும் அவற்றில் நோய் இல்லை. குடல்வாலின் நுனிக்கு ஒரு விரற்கடை மேலே கறுத்த ஓட்டை. அடிப்பகுதி ஆரோக்கியமாக இருந்தது.

கொழுப்புத் திரையை மெல்லப் பிரித்தபோது அந்த ஓட்டை வழியே மலக்கல் வெளியே வழுக்கி விழுந்து, சீழுக்குள் மறைந்துவிட்டது. பட்டாணியைவிடச் சற்றுப் பெரியது, பழுப்பு நிறம், சுற்றியிருந்த திசுக்களின் நிறத்தோடு கலந்துவிடும். அதை எடுக்காமல் முடித்தால் வாரங்கள், சில நேரம் மாதங்கள் கழித்து அதைச் சுற்றியே சீழ்க்கட்டி உருவாகும். மற்ற வேலையை நிறுத்திவிட்டு, சீழை உறிஞ்சி எடுத்து, கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை வரி வரியாகத் தேடினோம். ஏறக்குறைய கால் மணி நேரம் கழிந்து, சிறுகுடல் மடிப்பு ஒன்றின் அடியில் கிடைத்தது. உடனே பைக்குள் போட்டோம். அந்தக் கால் மணி நேரத்தை நான் எந்த நாளும் வீண் என்று எண்ணமாட்டேன்.

பிறகு குடல்வாலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியை மின்வெப்பத்தால் அடைத்து, அடியில் இரு சுருக்குக் கண்ணிகளை இறுக்கி, இடையே வெட்டினோம். மிச்ச அடிக்கட்டை 5 மி.மீ.-க்குக் குறைவாக இருக்கும்படி பார்த்துக்கொண்டோம்; நீளமாக விட்டால் அதிலேயே மீண்டும் அழற்சி வரலாம்.

வயிற்றை லிட்டர் கணக்கில் உப்புநீர் ஊற்றிக் கழுவவில்லை. கழுவுவதால் சீழ்க்கட்டி குறைவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஓரிடத்தில் இருந்த கிருமி வயிறு முழுதும் பரவும் என்ற அச்சமும் உண்டு. தேங்கியதை உறிஞ்சி எடுத்ததோடு நிறுத்தினோம். வடிகுழாயும் வைக்கவில்லை. வெடித்த குடல்வாலில் வடிகுழாய் வைப்பது சீழ்க்கட்டியைத் தடுப்பதாக ஆதாரமில்லை. பின்னால் சீழ்க்கட்டி வந்தபோது, "குழாய் வைத்திருந்தால் வந்திருக்காதே" என்று பலர் கேட்டார்கள். இப்போது முடிவெடுக்கச் சொன்னாலும் வைக்கமாட்டேன்.

வார்டில்

விழித்ததும் வயிற்றைவிட வலது தோள்தான் அதிகம் வலிப்பதாகச் சொன்னார். வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது; இரண்டு நாளில் போய்விட்டது. மறுநாள் காலை எழுந்து நடந்தார், பகலில் நீராகாரம், மாலையில் மென்மையான உணவு. இரண்டாம் நாள் காய்ச்சல் இல்லை. மூன்றாம் நாள் வெள்ளையணுக்கள் 11,200-க்கு இறங்கின. சி.ஆர்.பி. 96 ஆக இருந்தது: குறைந்திருந்தது, ஆனால் பாதியாகவில்லை.

நோய் மூலத்தை அகற்றிய பின் ஆன்டிபயாடிக்கை நாள்கணக்கில் இழுத்துக்கொண்டே போவதில் பயனில்லை. 2015-இல் வெளியான ஆய்வு நான்கு நாள் போதும் என்றது. வெடித்த, அழுகிய குடல்வால்களை மட்டும் எடுத்துக்கொண்டு நெதர்லாந்தில் நடந்த 2023 ஆய்வில், இரண்டு நாள் சிகிச்சை ஐந்து நாள் சிகிச்சைக்குச் சளைத்ததாக இல்லை. நாங்கள் நான்கு நாள் என்று வகுத்தோம். மூன்றாம் நாள் மாலை, கடைசி நாள் மருந்தை மாத்திரையாகக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினோம்.

டிஸ்சார்ஜ் தாளில் வழக்கமான எச்சரிக்கைகள் இருந்தன: காய்ச்சல், காயத்தில் சிவப்பு அல்லது கசிவு, கடும் வலி, நிற்காத வாந்தி.

வீட்டில்

ஐந்தாம் நாள் முதல் அடிவயிற்றில் ஒரு கனம். ஆறாம் நாள் மலம் சிறிது சிறிதாக, சளியோடு, ஒரு நாளில் எட்டுப் பத்து முறை போகத் தொடங்கியது. போன பின்னும் முடியாத உணர்வு. மாலையில் லேசான சூடு. தாய் தினமும் காயங்களைப் பார்த்தார். மூன்றும் உலர்ந்து சுத்தமாக இருந்தன. காயம் நன்றாக இருப்பதால் உள்ளேயும் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று குடும்பம் முடிவு செய்தது. வயிற்றுப்போக்குக்கு ஆன்டிபயாடிக் காரணம் என்று எண்ணி, அதை நிறுத்தும் மாத்திரையும் வாங்கி வைத்திருந்தார்கள்.

வெடித்த குடல்வால் நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பிய பின் தொலைபேசியில் விசாரிப்பது எங்கள் வார்டு செவிலியர் ஒருவரின் சொந்த வழக்கம். ஏழாம் நாள் அவர் அழைத்தார். "எப்படி இருக்கிறீர்கள்?" என்றதற்கு "நன்றாக இருக்கிறேன் சிஸ்டர், காயம் ஆறிவிட்டது" என்றுதான் பதில் வந்தது. அவர் அதோடு விடவில்லை. "மலம் எப்படிப் போகிறது? போய் முடிந்த மாதிரி இருக்கிறதா?" என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் அந்த மாத்திரையைப் போட வேண்டாம், இன்றே வாருங்கள் என்று சொல்லிவிட்டு, எங்களுக்கும் தகவல் தந்தார்.

சீழ்க்கட்டி

வந்தபோது வெப்பம் 38.3 டிகிரி. வயிறு மென்மையாகவே இருந்தது. விரல் பரிசோதனையில் மலக்குடலின் முன்சுவர் மெத்தென்று புடைத்து, தொட்டால் வலித்தது. சி.டி. ஸ்கேனில் கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையில் 5 செ.மீ. சீழ்க்கட்டி. மலக்குடலை அழுத்தியதால்தான் அந்த முடியாத உணர்வும் சளியும்.

3 செ.மீ.-க்குக் குறைவான கட்டி பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கிலேயே கரையும். இந்த அளவுக்கு அது போதாது. மீண்டும் மயக்க மருந்து கொடுத்து வயிற்றுக்குள் போவதும் தேவையில்லை. ஏழாம் நாள் குடல்கள் ஒட்டிக்கொண்டு, தொட்டால் கிழியும் நிலையில் இருக்கும். கதிரியக்க மருத்துவர் சி.டி. வழிகாட்டுதலில் புட்டத்தின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தினார். 90 மி.லி. சீழ் வந்தது. அதில் ஈ.கோலை கிருமி வளர்ந்தது. அதற்குக் கேட்கும் ஆன்டிபயாடிக்குக்கு மாற்றினோம். அன்றிரவே காய்ச்சல் இறங்கியது. வடிதல் நின்றதும், குழாய் வைத்த ஐந்தாம் நாள் அதை எடுத்தோம்.

விளைவு

திசு ஆய்வு முடிவில் சீழ்பிடித்து வெடித்த குடல்வால் அழற்சி என்றிருந்தது. கட்டி எதுவும் இல்லை. அகற்றிய குடல்வால்களில் ஏறத்தாழ நூற்றில் ஒன்றில் எதிர்பாராத கட்டி இருக்கலாம் என்பதால் இந்த அறிக்கையைப் பார்க்காமல் கோப்பை மூடக் கூடாது. ஆறாம் வாரம் வந்தபோது அவர் பள்ளிக்குத் திரும்பியிருந்தார். வலி இல்லை, மலம் இயல்பாகப் போனது, சி.ஆர்.பி. இயல்பு அளவில் இருந்தது.

அன்று அவர் மனத்தில் இருந்த கேள்வி வேறு. இடுப்புக் குழியில் இவ்வளவு சீழ் இருந்ததே, குழந்தை பிறப்பதில் சிக்கல் வருமா? ஸ்வீடனில் சிறுவயதில் குடல்வால் வெடித்த பெண்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஆய்வு 1999-இல் வெளியானது. அவர்களுடைய குழந்தைப்பேற்றில் குறிப்பிடத்தக்க குறைவு தெரியவில்லை. அவருடைய சினைப்பைகளும் கருக்குழாய்களும் நோயற்றவை என்று அன்றிரவு கேமராவில் பார்த்திருந்தோம்; பதிவையும் காட்டினோம். இந்தக் கேள்வியை இவர் ஆறு வாரம் மனத்துக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார். முதல் டிஸ்சார்ஜின்போதே நாங்களாகப் பேச்சை எடுத்திருந்தால் அந்த ஆறு வாரக் கவலை மிச்சமாகியிருக்கும்.

எங்கள் பிரிவில் மாறியவை

அறுவைச் சிகிச்சை முறை மாறவில்லை. வெடித்த குடல்வாலுக்கும் நுண்துளை முறையே எங்கள் முதல் தேர்வு; கழுவுவது, வடிகுழாய் பற்றிய நிலைப்பாடும் அப்படியே. வெடித்த குடல்வாலில் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஒரு சிலருக்குச் சீழ்க்கட்டி வரத்தான் செய்யும். அதை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

டிஸ்சார்ஜ் தாள் இப்போது இரண்டு. சிக்கலில்லாத குடல்வாலுக்கு ஒன்று, வெடித்ததற்கு வேறொன்று. இரண்டாவதில் முதல் வரியே, "சளியோடு அடிக்கடி மலம் போனால், போன பின்னும் முடியாத உணர்வு இருந்தால், காயம் நன்றாக இருந்தாலும் உடனே வாருங்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை போடாதீர்கள்" என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. அதை நோயாளியோடு வீட்டில் இருக்கப்போகிறவரிடமும் படித்துக் காட்டுகிறோம்.

செவிலியரின் தொலைபேசி அழைப்பு வார்டின் முறையான வேலையாகிவிட்டது. இத்தகைய சீழ்க்கட்டிகள் பெரும்பாலும் ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் தலைகாட்டுவதால், வெடித்த குடல்வால் நோயாளிகள் எல்லோரையும் ஐந்தாம் நாளும் எட்டாம் நாளும் அழைக்கிறோம். கேள்விகளை அந்தச் செவிலியரே எழுதித் தந்தார். "நலமா?" என்ற கேள்வி அதில் இல்லை. வெப்பமானியில் பார்த்த அளவு, மலம் எத்தனை முறை, எப்படி, சிறுநீர் கழிக்கும்போது வலி, பசி: இவைதான்.

மூன்றாம் நாள் சி.ஆர்.பி. பாதியாகக் குறையாதவர்களை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் ஒருமித்த கருத்து இன்னும் வரவில்லை. எல்லோருக்கும் ஸ்கேன் எடுப்பது மிகை; அந்த நாளில் இடுப்புக் குழியில் சிறிது நீர் நலமாக இருப்பவர்களுக்கும் தெரியும், அது தேவையற்ற சிகிச்சையில் கொண்டுபோய் விடும். இப்போதைக்கு அவர்களை வீட்டுக்கு அனுப்பி, ஆறாம் நாள் நேரில் வரச்சொல்லி, ரத்தப் பரிசோதனையோடு விரல் பரிசோதனையும் செய்கிறோம்.